புது நகம்

சட்டையிலிருந்து பொத்தான் கழன்று விழுந்தால் தூக்கிப் போடக் கூடாது. சின்னக் காகிதக் கவர் ஒன்றில் போட்டு, மேலே துணியின் நம்பரை எழுதி, அந்தத் துணியோடு சேர்த்துக் குண்டூசியால் குத்திவைக்க வேண்டும். சலவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்த அன்று அவளுக்குச் சொல்லித்தந்த முதல் பாடம் அது. இத்தனூண்டு பாடம் ஒரு குடும்பத்தையே கவிழ்க்கும் என்று யாராவது நினைப்பார்களா? அவளும் நினைக்கவில்லை.

கடையில் அவளுக்குக் கறை எடுக்கிற வேலை. துணியை வாங்கும்போதே இரண்டு கேள்வி கேட்பாள். "என்ன கறைங்க? எப்போ பட்டுச்சு?" இந்த இரண்டுக்கும் ஒழுங்காகப் பதில் வந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஆனால் மனிதர்கள் சட்டைக் கறையைப் பற்றிச் சொல்கிற பொய் இருக்கிறதே, கோர்ட்டில்கூட அவ்வளவு சொல்ல மாட்டார்கள். உதட்டுச் சாயத்தைத் தக்காளி என்பார்கள். போன மாதம் கொட்டியதை இன்று காலை என்பார்கள். வீட்டில் நாயே இல்லாதவர் நாய் மேல் பழி போடுவார். பின்னால் நின்று இஸ்திரி போடும் அக்கா, "நம்மகிட்ட வர்றதுல பாதி அழுக்கு, மீதி பொய்" என்பாள். அன்றைக்கே வந்து உள்ளதைச் சொன்னால் பெரும்பாலான கறை போய்விடும். மறைத்துவைத்து, போதாததற்கு மேலே சூடாக இஸ்திரியும் போட்டுவிட்டால் அது துணியோடு துணியாக ஊறிப்போகும். இதையெல்லாம் கரைத்துக் குடித்தவள் அவள். அப்படிப்பட்டவள்தான் சொந்த வீட்டில் கோட்டை விட்டாள்.

அவளைக் கட்டியவன் லாரி டிரைவர். அவள் அவனுக்கு இரண்டாம் தாரம். முதல் மனைவி நோயில் போனபோது மகளுக்கு நடை பழகுகிற வயது. இப்போது ஐந்து முடியப்போகிறது. உருண்டை முகம், ஓரிடத்தில் நிற்காமல் உருண்டோடும் கால், அதனால் வீட்டில் அவள் பெயர் பட்டாணி. தகப்பன் மறுகல்யாணம் செய்யும்வரை பட்டாணியை வளர்த்தவள் இறந்தவளின் அக்கா, குழந்தைக்குப் பெரியம்மா.

பெரியம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியில் அவளுக்கு வேலை. அடுத்தவர் ஓட்டுகிற வண்டியில் தன் காலடியிலும் ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தே பழகியவள். குடும்பத்திலும் அப்படித்தான். ஆனால் கெட்டவள் இல்லை. தங்கையைப் பறிகொடுத்தவள், தனக்கென்று பிள்ளை இல்லாதவள், பட்டாணி மேல் உயிரையே வைத்திருந்தவள். கல்யாணம் முடிந்து குழந்தையின் துணிப்பையைக் கொண்டுவந்து வைத்த அன்று வாசலிலேயே நின்று சொன்னாள்.

"என் தங்கச்சி விட்டுட்டுப் போன பிள்ளை. இவ மேல ஒரு கீறல் விழுந்தாலும் நான் வந்து தூக்கிட்டுப் போயிடுவேன். அப்புறம் நீ அழுதாலும் தரமாட்டேன். புரியுதா?"

"புரியுதுக்கா," என்றாள் அவள்.

அன்று அது மிரட்டலாகப் படவில்லை, நியாயமாகவே பட்டது. போகப் போகத்தான் பட்டாணி பக்கத்தில் இல்லாமல் ஒரு வாய் சாப்பாடுகூடத் தொண்டையில் இறங்காது என்கிற நிலைமைக்கு அவள் வந்து சேர்ந்தாள். அதன் பிறகு அந்த வாசல் பேச்சு மிரட்டலாகவே காதில் ஒலித்தது.

பட்டாணியோ தான் அங்கே விருந்தாளி, அவள் வீட்டுக்காரி என்பதுபோலத்தான் நடத்தினாள். "சித்தி, தண்ணி தர்றீங்களா?" "சித்தி, நீங்க சாப்பிட்டீங்களா?" எல்லாம் பெரியம்மா பழக்கிவிட்ட மரியாதை. அவ்வளவு சின்ன வாயிலிருந்து அவ்வளவு மரியாதை வந்தால் கேட்கிறவளுக்கு என்ன ஆசையாகவா இருக்கும்? இருந்தாலும் அவள் அவசரப்படவில்லை. தலை வாரினாள், கதை சொன்னாள், சனிக்கிழமை வந்தால் மடியில் உட்காரவைத்து நகம் வெட்டினாள். வெட்டும்போது ஒவ்வொரு விரலுக்கும் பெயர் சொல்ல வேண்டும் என்பது பட்டாணி போட்ட சட்டம். கட்டைவிரல் தாத்தா. ஆள்காட்டி விரல் போலீஸ். நடுவிரல் அப்பா, உயரமாக இருக்கிறாராம். சுண்டுவிரல் பட்டாணியேதான். மோதிர விரலுக்கு மட்டும் ரொம்ப நாள் பெயர் இல்லாமல் இருந்தது. பிறகு ஒரு சனிக்கிழமை பட்டாணி யோசித்துவிட்டு, "அது சித்தி. பட்டாணி பக்கத்துலயே நிக்குதுல்ல" என்றாள். அவள் நகவெட்டியைக் கீழே வைத்துவிட்டு, மூக்கு சிந்தப் போவதுபோல் எழுந்து போனாள்.

காய்ச்சல் வந்தது அதற்குக் கொஞ்ச நாள் கழித்து. அவன் லோடு ஏற்றிக்கொண்டு நெடுந்தூரம் போயிருந்த வாரம். பள்ளியிலிருந்து வந்த குழந்தையின் உடம்பு அனலாய்க் கொதித்தது. மறுநாள் வாய்க்குள் புண், உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சிவப்புச் சிவப்பாய்க் கொப்புளம். தெருக்கோடி கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். டாக்டர் பார்த்த உடனே சொல்லிவிட்டார்.

"பயப்படாதீங்க. சின்னப் பசங்களுக்கு ஒருத்தர்கிட்டேருந்து ஒருத்தருக்கு ஒட்டுற வைரஸ்தான். கை, கால், வாய் மூணுலயும் கொப்புளம் வரும். தானா போயிடும். தண்ணி நிறைய குடுங்க, காய்ச்சலுக்கு மட்டும் இந்த மருந்தைக் குடுங்க."

கடைக்கு லீவு சொல்லிவிட்டு அவள் குழந்தையோடு கிடந்தாள். ஆறின பாலைச் சொட்டுச் சொட்டாக ஊட்டினாள், ஈரத்துணி மாற்றினாள். இரண்டாம் நாள் மாலை, கண்ணைத் திறக்காமலே பட்டாணி அவள் விரலைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, நீ போகாத" என்றாள்.

அவள் திரும்பிப் பார்த்தாள். அறையில் வேறு யாரும் இல்லை. செத்துப்போனவளைத்தான் கூப்பிடுகிறாளோ என்று ஒரு நொடி கூசினாள். ஆனால் அந்த அம்மாவின் முகமே குழந்தைக்குத் தெரியாது.

"போகலடா, இங்கதான் இருக்கேன்," என்றாள்.

பெரியம்மா சாயங்காலம் தவறாமல் போன் செய்பவள். அன்றும் செய்தாள். "எங்க என் தங்கம்? பேசச் சொல்லு."

"தூங்கிட்டாக்கா. இன்னைக்கு ஒரே ஆட்டம், அலுத்துப் போயிட்டா."

ஒரு பொய் சொன்னால் அது துணைக்கு ஆள் கேட்கும். புருஷனிடமும் அதையே சொல்ல வேண்டியிருந்தது, ஏனென்றால் அவன் வாயில் எதுவும் தங்காது, அடுத்த நிமிடம் அக்கா காதுக்குப் போய்விடும். பள்ளிக்கூடத்தில் வயிற்று வலி என்றாள். கிளினிக் சீட்டைச் சுக்குநூறாகக் கிழித்துப் போட்டாள். எல்லாம் பயத்தில்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது பாதி உண்மை. மீதிப் பாதி என்னவென்றால், சொல்லியிருந்தால் பெரியம்மா அடுத்த வண்டியிலேயே வந்து இறங்கியிருப்பாள், அந்த "அம்மா"வும் அவள் மடிக்குப் போயிருக்கும். அந்தக் காய்ச்சலை யாரோடும் பங்கு போட இவளுக்கு மனம் வரவில்லை. பிள்ளையின் காய்ச்சலுக்கு ஆசைப்பட்ட ஒருத்தி உண்டா என்று கேட்டால், உண்டு.

உடம்பு தேறியதும் "அம்மா" போய்ப் பழையபடி "சித்தி" வந்துவிட்டது. ஆனால் "நீங்க" திரும்பி வரவில்லை. "சித்தி, நீ என் பக்கத்துல படு," என்றாள் பட்டாணி. கொப்புளம் காய்ந்து, தோல் உரிந்து, இருந்த இடமே தெரியாமல் போனது. யாருக்கும் தெரியாமல் ஒரு காய்ச்சல் வந்து போனது, அவ்வளவுதான் என்று அவள் நினைத்தாள்.

ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும். சனிக்கிழமை நகம் வெட்ட உட்கார்ந்தபோது கட்டைவிரல் தாத்தா வேறு மாதிரி இருந்தார். நகம் நுனியில்தானே பிய்யும்? இது அடியில், தோலோடு சேருகிற இடத்தில், பெட்டி மூடி மாதிரி மேலே எழும்பியிருந்தது. நுனியில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"வலிக்குதாடா?"

"இல்ல சித்தி. ஆடுது பாரு, பல்லு ஆடுற மாதிரி," என்று பட்டாணி ஆட்டிக் காட்டினாள். அவளுக்கு அது வேடிக்கையாக இருந்தது.

அடுத்த நாளே போலீஸ். பிறகு மறு கையில். கழன்ற நகம் கம்பளிச் சட்டையில் மாட்டி இழுத்தது. அவள் மெல்லிய பிளாஸ்திரி ஒட்டிப் பார்த்தாள், நிற்கவில்லை. ஒரு நூல் அளவுக்குத் தொங்கிக்கொண்டிருந்ததை மட்டும் நகவெட்டியால் மெல்ல எடுத்துவிட்டாள். ஒரே ஒரு தடவை, தோலோடு ஒட்டியிருப்பது தெரியாமல் இழுத்துவிட, குழந்தை வீலென்று கத்தியது. அதன் பிறகு ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பார்த்துப் பார்த்துத்தான் எடுத்தாள். எடுத்ததை எறியவில்லை. டாக்டரிடம் காட்டலாம் என்று, கைப்பையில் கிடந்த கடைக் கவர் ஒன்றில் போட்டு, மேலே "பட்டாணி" என்று எழுதி, துணி அலமாரியில் வைத்தாள். கழன்று விழுந்த எதையும் எறிகிற பழக்கம் அவளுக்குத்தான் இல்லையே.

உடனே டாக்டரிடம் போயிருக்க வேண்டும். போகவில்லை. லோடு முடிந்து அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் வந்துவிடுவான், சேர்ந்தே போகலாம், தனியாகப் போய் ஏதாவது ஒன்று ஆனால் யார் பதில் சொல்வது என்று தள்ளிப்போட்டாள். ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தான், கூடவே பெரியம்மாவும் வந்து இறங்கினாள்.

"பெரியம்மா" என்று ஓடிய குழந்தையின் கையைப் பிடித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். விரல் விரலாகப் பார்த்தாள். நகம் போன இடத்தில் ரோஸ் நிறத்தில் மெல்லிய தோல். "என்ன இது? தம்பி, இங்க வாங்க. என்ன இது?"

தெருக்கோடி கிளினிக் அன்று பூட்டியிருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் அறை வாசலில் பெரியம்மா திரும்பி, "நீ வெளிய இரு, நாங்க பேசிக்கிறோம்" என்றாள். குழந்தையை வளர்த்தவள் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு ஏது? வெளி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

உள்ளே டாக்டர் கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டார். அடி பட்டதா? ரசாயனம் எதிலாவது கை பட்டதா? ஏதாவது மாத்திரை கொடுத்தீர்களா? போன இரண்டு மாதத்தில் காய்ச்சல் வந்ததா? தகப்பன் தனக்குத் தெரிந்ததைத் தெரிந்தபடி சொன்னான். "காய்ச்சலெல்லாம் இல்ல டாக்டர். நல்லா ஓடி ஆடிக்கிட்டுதான் இருந்தா." பெரியம்மாவும் தலையாட்டினாள். தினமும் போனில் கேட்டவள் அல்லவா? "அப்போ இங்க வச்சு உறுதியா எதுவும் சொல்ல முடியாது. தோல் டாக்டரைப் பாருங்க," என்று எழுதித் தந்தார். தோல் டாக்டருக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்றார்கள்.

"என்ன சொன்னாங்க?" என்று அவள் ஓடிவந்து கேட்டாள்.

"ரசாயனம் எதுலயாவது கை பட்டுச்சானு கேட்டாங்க," என்றான் அவன். நாலு கேள்வியில் அவன் மனதில் தங்கியது அது ஒன்றுதான்.

"இவ வேலையே அதுலதானே," என்றாள் பெரியம்மா. காய்ச்சலைப் பற்றி ஒரு கேள்வி வந்தது என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. என்றைக்கோ வந்து, ஆறி, மறந்துபோன கொப்புளத்துக்கும் இன்றைக்கு உதிர்கிற நகத்துக்கும் முடிச்சுப் போட அவளுக்கும் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பெரியம்மா பையை எடுத்தாள். தோல் டாக்டரைப் பார்க்கிறவரைக்கும் குழந்தை என்னோடு இருக்கட்டும் என்று சொல்லிக்கொண்டே அலமாரியிலிருந்து துணிகளை எடுத்து அடுக்கினாள். கவுன்களுக்கு நடுவிலிருந்து அந்தக் கவர் விழுந்தது. பொத்தான் என்று நினைத்து மேஜை மேல் கொட்டினாள்.

மேஜையில் குழந்தையின் நகங்கள் கிடந்தன. சின்னச் சின்னதாய், வளைந்து, முழு முழு நகமாக.



"டாக்டர்கிட்ட காட்டலாம்னு எடுத்து வச்சேங்கா," என்றாள் அவள்.

"டாக்டர்கிட்டதானே இப்போ போயிட்டு வந்தோம். ஏன் எடுத்துட்டு வரல?"

பதற்றத்தில் மறந்துபோனாள். அதுதான் உண்மை. ஆனால் அந்த மேஜையைப் பார்த்துக்கொண்டு அதைச் சொன்னால் எந்தக் காது நம்பும்?

பெரியம்மா மண்டிபோட்டு உட்கார்ந்து குழந்தையின் தோளைப் பிடித்தாள். "பட்டாணி, பயப்படாம சொல்லு. இந்த நகத்தையெல்லாம் யாரு எடுத்தா?"

"சித்தி."

"எப்படி எடுத்தா?"

"நகவெட்டியில."

"வலிச்சுதா?"

பட்டாணி யோசித்தாள். பொய் சொல்லத் தெரியாத வயது. "ஒரு தடவ வலிச்சுது. நான் கத்திட்டேன்."

ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் ஒரு வார்த்தை அவள் பக்கம் பேசியிருந்தால் போதும், அந்தப் பை வாசலைத் தாண்டியிருக்காது. அவன் மேஜையைப் பார்த்தான், மகளின் விரல்களைப் பார்த்தான், கடைசியாக அவளைப் பார்த்தான்.

"நீ பிள்ளையை ஏதாவது பண்ணியா?" என்றான், தாழ்ந்த குரலில்.

அவன் கத்தியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். அவன் உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டான். அதில்தான் அவள் நெஞ்சு வெடித்தது. "இல்லங்க" என்று சொன்னாள், அது அவள் காதுக்கே பொய் போல ஒலித்தது. பெரியம்மாவின் தோளிலிருந்து பட்டாணி, "சித்தி, நீ வரலியா?" என்று கேட்டுக்கொண்டே போனாள்.

அதன் பிறகான நாட்களை வாழ்ந்தாள் என்று சொல்ல முடியாது, கழித்தாள். கடைக்குப் போனாள், கறை எடுத்தாள். சாயங்காலம் போன் செய்தால், இந்தத் தடவை பெரியம்மா சொன்னாள், "தூங்கிட்டா." உண்மையோ பொய்யோ, கேட்க அவளுக்கு என்ன வாய் இருந்தது? வீட்டில் அவனும் அவளும் இரண்டு வாடகைக்காரர்கள் மாதிரி இருந்தார்கள். ஒரு நாள் கடையில் வெள்ளைச் சட்டை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் சும்மா நின்றாள். இஸ்திரி அக்கா பக்கத்தில் வந்து, "அழுதுடு. இல்லாட்டி அந்தச் சட்டையைக் குடு, வீணாக்கிடாத" என்றாள். அவள் அழுதாள்.

தோல் டாக்டரைப் பார்க்கிற நாளில், நானும் வருவேன், வாசலிலாவது நிற்பேன் என்று அவனிடம் கெஞ்சினாள். அவன் சரி என்றான். கவரையும் மறக்காமல் எடுத்துக்கொண்டாள். டாக்டரம்மா பெரிய கண்ணாடி வழியே குழந்தையின் விரல்களைப் பார்த்தார். கவரிலிருந்த நகங்களையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, "எடுத்து வச்சது நல்லதாப் போச்சு" என்றார். பிறகு நிமிர்ந்து கேட்டார்.

"இதுக்கு முன்னால குழந்தைக்கு என்ன வந்துச்சு? எப்போ வந்துச்சு?"

அவள் தினமும் கடையில் கேட்கிற அதே இரண்டு கேள்வி.

"எதுவும் வரல டாக்டர்," என்று அவன் ஆரம்பித்தான்.

"கை, கால், வாய்ல கொப்புளம்? காய்ச்சலோட?"

"வந்துச்சு," என்றாள் வாசலில் நின்றவள். எல்லோரும் திரும்பினார்கள். அவள் சொல்லி முடித்தாள். எந்த வாரம், எத்தனை நாள் காய்ச்சல், எங்கெல்லாம் கொப்புளம், கிளினிக் டாக்டர் சொன்னது, சீட்டைக் கிழித்தது, எல்லாம். சொல்லும்போது புருஷன் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

டாக்டரம்மா தலையை ஆட்டிக்கொண்டார். "அதுதான். நகத்துக்கு வேர் மாதிரி ஒரு இடம் உள்ள இருக்கு, நகம் அங்கதான் உற்பத்தியாகும். கடுமையான காய்ச்சல், சில மருந்து, பலமான அடி, புற்றுநோய் சிகிச்சை, சில நேரம் பெரிய அதிர்ச்சிகூட, அந்த வேரை கொஞ்ச நாள் வேலைநிறுத்தம் பண்ண வச்சிடும். இந்த வைரஸ் வந்த பசங்களுக்கு இது அடிக்கடி பார்க்கிறதுதான். வேலை திரும்ப ஆரம்பிச்சதும் கீழேருந்து புது நகம் வந்து பழசைத் தள்ளிடும். அதுக்கு ஒரு மாசம், ரெண்டு மாசம் ஆகும். அதனாலதான் யாருக்கும் காய்ச்சல் ஞாபகம் வராது. மருந்தே வேண்டாம், தானா வளர்ந்துடும்." நகங்களைக் கவரில் திரும்பப் போட்டார். "இதை முதல் நாளே சொல்லியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்குமே."

வெளியே வந்ததும் பெரியம்மா அவள் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "என்னை மன்னிச்சிடு. நான் உன்னை என்னென்னவோ நெனச்சிட்டேன். ஆனா நீ ஏன் மறைச்ச? எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"சொன்னா பிள்ளையைத் தூக்கிட்டுப் போயிடுவீங்கனு பயந்தேங்கா."

"தூக்கிட்டுத்தானே போனேன்," என்றாள் பெரியம்மா.

இவள் பட்டாணி உட்கார்ந்திருந்த பெஞ்சின் பக்கம் திரும்பிக் கைகளை நீட்டினாள். பட்டாணி பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பெரியம்மா போ என்று கண்ணால் சொன்னாள். குழந்தை பெரியம்மாவின் புடவைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. பழக்கம் விட்டுப்போச்சு, ரெண்டு நாள்ல சரியாயிடும் என்றார்கள். பெரியம்மா வீட்டுப் பக்கத்துப் பள்ளியில் சேர்த்தாகிவிட்டது, பருவம் முடியட்டும், அப்புறம் கூட்டிக்கொண்டு வரலாம் என்று முடிவாயிற்று.

சரியாகவில்லை. பெரியம்மா வீட்டில் அந்த வாரங்களில் நடந்ததற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. விரலுக்குக் களிம்பு தடவும்போதெல்லாம் பெரியம்மா அன்பாகத்தான் சொல்லியிருந்தாள்: "இனிமே சித்தி உன் நகத்தை எடுக்க மாட்டா, பெரியம்மா இருக்கேன்ல, பயப்படாத." அக்கம்பக்கத்தார் வந்து, "அய்யோ பாவம், சித்தியா எடுத்தா?" என்று தலையைத் தடவியிருந்தார்கள். ஆடுகிற பல் மாதிரி வேடிக்கையாக இருந்த ஒன்றுக்குப் பயப்பட வேண்டும் என்று குழந்தைக்கு எல்லோரும் சேர்ந்து கற்றுக்கொடுத்துவிட்டார்கள். பிறகு பெரியம்மாவே, "அது சித்தி பண்ணலடா, அதுவா விழுந்துச்சு" என்று எத்தனையோ தடவை மாற்றிச் சொன்னாள். அப்பாவும் சொன்னான். பட்டாணி எல்லாவற்றுக்கும் "சரி" என்றாள்.

பருவம் முடிந்து பட்டாணி வீட்டுக்கு வந்தாள். விரல்களில் முழுசாகப் புது நகம் வளர்ந்திருந்தது, சின்னச் சிப்பி மாதிரி பளபளவென்று. துணிப்பையைத் தானே தூக்கிவந்து மூலையில் வைத்தாள். "சித்தி, நான் எங்க படுக்கணும்? நீங்க சொல்லுங்க," என்றாள்.

அவள் இந்தத் தடவையும் அவசரப்படவில்லை. தலை வாரினாள், கதை சொன்னாள். சனிக்கிழமை வந்தது. நகம் நன்றாக வளர்ந்து ஓரத்தில் அழுக்கு சேர்ந்திருந்தது. பட்டாணியைக் கூப்பிட்டு மடியில் உட்காரவைத்தாள், குழந்தை உட்கார்ந்தது. நகவெட்டியை எடுத்தாள்.

"எங்க தாத்தா? தாத்தாவைக் கூப்பிடு, முடி வெட்டலாம்," என்றாள்.

பட்டாணி இரண்டு கையையும் இறுக மூடி வயிற்றுக்குள் அழுத்திக்கொண்டாள். உடம்பு விறைத்திருந்தது. அழவில்லை. அவள் காதருகே, யாருக்கும் கேட்காமல், ரொம்பப் பணிவாகச் சொன்னாள்.

"சித்தி, இது புது நகம். இதையும் எடுத்துடாதீங்க. நான் சமத்தா இருக்கேன்."

நான் எடுக்கலடா, அது காய்ச்சல், உனக்குக் காய்ச்சல் வந்தது, நீ என் விரலைப் பிடித்துக்கொண்டு என்னை ஒரு பேர் சொல்லிக் கூப்பிட்டாய் என்று எல்லாம் அவள் வாய்வரை வந்தது. சொன்னால் குழந்தை "சரி" என்று சொல்லும். மூடிய கை மூடியபடியே இருக்கும். சூடு போட்டு ஊறிப்போன கறையைத் தேய்க்கத் தேய்க்கத் துணிதான் கிழியும் என்று அவளுக்குத் தெரியாதா? அவளுக்கு அந்த நிமிடம் ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. தன் மடியில் உட்கார்ந்து அந்தப் பிள்ளை இப்படி நடுங்கக் கூடாது.

"எடுக்க மாட்டேன்டா," என்றாள். "சித்தி தெரியாம பண்ணிட்டேன். இனிமே எடுக்கவே மாட்டேன்."

"நெஜமாவா?"

"நெஜமா."

குழந்தையின் உடம்பு தளர்ந்தது. பெரிய மூச்சு ஒன்று விட்டது. பிறகு அவள் கையிலிருந்த நகவெட்டியை மெல்ல வாங்கிக்கொண்டு, மடியிலிருந்து இறங்கி, கூடத்தில் இருந்த அப்பாவிடம் ஓடியது.

அவன் ஆயுளில் குழந்தைக்கு நகம் வெட்டியதில்லை. "எப்படிப் பிடிக்கணும்?" என்று கேட்டான். பட்டாணி சொல்லிக்கொடுப்பது உள்ளே கேட்டது. "பேர் சொல்லிட்டுதான் வெட்டணும்ப்பா. இது தாத்தா. இது போலீஸ். இது நீங்க."

"இது?"

உள்ளே அவள் எழுந்து நின்றாள்.

"அது சும்மா விரல்ப்பா," என்றாள் பட்டாணி. "வெட்டுங்க."

அவன் வெட்டுகிற சத்தம் கேட்டது.